ஐம்பது புத்தகமும் ஒரு மெமோவும்

அந்த நோட்டு இன்னும் என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. இருநூறு பக்கம், காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. முதல் பக்கத்தில் ‘வாசிப்புப் பதிவேடு’ என்று சிவப்பு மையில் நானே எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்குள் ஆளுக்கு ஐம்பது புத்தகம் படிப்பது என்று ரயிலில் போய்வரும் ஐந்து பெண்கள் சேர்ந்து எடுத்த முடிவின் கணக்கு அது. அந்த நோட்டை வைத்துத்தான் எங்களில் ஒருத்தியின் வேலையை நான் போக்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லோரும் ‘உனக்கென்ன தெரியும், பாவம்’ என்கிறார்கள். யாராவது ஒருத்தர் நன்றாகத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எனக்கு வீடு திண்டிவனத்தில். வேலை விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, எல்லாம் ஒரே லட்சணம்தான். காலை பாசஞ்சரில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் சீட்டில் நான் பார்ப்பது ஊழியர்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் கோப்புகள். யார் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார், யார் போலிச் சான்றிதழ் கொடுத்து லீவு எடுத்தார் என்று கண்டுபிடித்து மெமோ தயார் பண்ணுவேன். பதினேழு-பி மெமோ என்றால் ஓர் அரசு ஊழியரின் வேலைக்கே உலை வைக்கக்கூடிய குற்றச்சாட்டு. அதை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒருத்தியின் வேலையைப் போக்கினேன் என்றேனே, அவள் எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஏஜென்சி மூலம் வந்தவள். நாளையிலிருந்து வராதே என்றால் வரக்கூடாது, அவ்வளவுதான் அந்த வேலைக்கு உத்தரவாதம். என்னைவிடப் பத்து வயசு சின்னவள், என்னை அக்கா என்பாள். ஊர் கிளியனூர். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். “அவ படிப்பு முடியறவரைக்கும் இந்தச் சீட்டுல ஒட்டிக்கினு இருந்துட்டா போதும்க்கா” என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்வாள்.

அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது, படிக்கிறவர்களையும் அப்படி இழுத்தடிக்க எனக்கு இஷ்டமில்லை. பாண்டிச்சேரியில் ஊசி போட்டுப் பார்த்திருக்கிறாள், லேசர் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஆள் தெரியும், பஸ் தெரியும், படிக்கட்டு தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. எழுத்து தெரியாத கம்ப்யூட்டர் ஆபரேட்டரை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்? அதனால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

எப்படிச் சமாளித்தாள் என்றால், வாசித்துக் காட்டச் சொல்லி. “டிராப்டப் பாத்துப் பாத்து அடிக்கிறது பேஜாரா கீதுக்கா. நீங்க வாசிங்க, நான் அடிக்கிறேன், ஜல்தியா முடிஞ்சிடும்” என்பாள். வாசித்தால் மழை கொட்டுகிற மாதிரி அடிப்பாள். விரலுக்கு எல்லா எழுத்தும் தெரியும். நானே என் மெமோக்களை அவள் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டியிருக்கிறேன், இரண்டு வருஷம். அவளுடைய கண்ணாக இருந்தது நான்தான். அது எனக்குத் தெரியவில்லை என்றால் என்னை என்னவென்று சொல்வது?

புத்தக யோசனையும் என்னுடையதுதான். ஜனவரி முதல் வாரம், ரயிலில் எல்லோரும் போன் திரையைத் தள்ளிக்கொண்டே வருவதைப் பார்த்து எரிச்சல் வந்து, ‘இந்த வருஷம் ஆளுக்கு ஐம்பது புத்தகம், யார் முடிக்கிறோம் பார்ப்போம்’ என்றேன். நான்கு பேர் சேர்ந்தார்கள். இரண்டு டீச்சர்கள், கூட்டுறவு வங்கியில் ஒருத்தி, பிறகு இவள். மறுநாளே விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நோட்டு வாங்கிவிட்டேன். ஆளுக்கு நாற்பது பக்கம் ஒதுக்கினேன். வரிசை எண், புத்தகம், மொத்தப் பக்கம், தொடங்கிய நாள், முடித்த நாள், கருத்து, கையெழுத்து என்று கட்டம் போட்டேன். திங்கட்கிழமை தோறும் ரயில் மயிலம் தாண்டியதும் நோட்டு வெளியே வரும். படித்ததைச் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். ஆபீசில் செய்கிற வேலையையே ரயிலிலும் செய்துகொண்டு அதற்குப் பெயர் வாசிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

அவள் தன் கட்டத்தைத் தானே நிரப்ப மாட்டாள். “நீங்களே எழுதிடுங்கக்கா, எங்கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி கீது” என்பாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கையெழுத்து மட்டும் போடுவாள். அது கட்டத்தை விட்டு மேல் வரிக்கு ஏறிப் போயிருக்கும். “கோடு இருக்கில்ல, கோட்டுல போட்டா என்ன?” என்று கடிந்துகொண்டிருக்கிறேன். சிரிப்பாள். ரயில் ஆடுது என்பாள்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் ஆரம்பித்தேன். எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் அம்மாவும் திண்டிவனம்தான், சில நாள் அதே ரயிலில் வருவார். என்னையும் சேருங்கள் என்றார். மேலதிகாரி கேட்டால் மறுக்க முடியுமா? சேர்த்தேன். அவர் அந்த வருஷம் முழுக்க ஒரு புத்தகமும் படிக்கவில்லை. தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் சொல்வார். அவர் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

ஆகஸ்டில் புத்தகக் கணக்கில் அவள் என்னைத் தாண்டினாள். எனக்கு இருபத்தாறு, அவளுக்கு இருபத்தெட்டு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சமையல், வயல், இரண்டு பஸ், ஒரு ரயில் என்று ஓடுகிறவள் எப்படி என்னைத் தாண்ட முடியும் என்று தோன்றியது. பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவளுடைய கருத்துக்கள் வேறு என்னுடையதைவிட நன்றாக இருந்தன. நான் ‘விறுவிறுப்பான நடை’ என்று எழுதுகிற இடத்தில் அவள், “அந்த அண்ணங்காரன் மேல எல்லாருக்கும் கோவம் வரும். எனக்கு வரல. அவனுக்கும் பசிதான” என்று சொல்வாள். அதை என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது.

எப்படி என்று இப்போது தெரியும். நாங்கள் நான்கு பேரும் அவளிடம்தான் கதை சொன்னோம். யார் எதைப் படித்தாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்வோம். அவள் கேட்கிற மாதிரி யாரும் கேட்க மாட்டார்கள். “அப்புறம் அவ இன்னா பண்ணா?” “அவன் சட்டென்னு அப்படிச் சொல்லிட்டானா, இல்ல யோசிச்சிச் சொன்னானா?” என்று துருவித் துருவிக் கேட்பாள். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை நாற்றம் வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துவோம், அவள் மட்டும் “மேல சொல்லுங்கக்கா” என்பாள். நாலு பேர் படித்ததும் அவளிடம் சேர்ந்தது. கொஞ்ச நாள் கழித்து அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போவாள், பையில் வைத்திருப்பாள், ரயிலில் மடியில் விரித்து வைத்திருப்பாள், திருப்பித் தருவாள். பதிவேட்டில் ஏற்றுவாள். அவளைப் பொறுத்தவரை அது படித்த புத்தகம்தான்.

அக்டோபரில் விழுப்புரத்தில் புத்தகக் கண்காட்சி போட்டார்கள். நான் லைப்ரரியில் எடுத்துப் படித்திருந்த ஒரு சின்ன நாவல் அங்கே கிடைத்தது, வாங்கினேன். கதை ஒரு ரயில்வே கேட்கீப்பரின் மனைவியைப் பற்றியது. இருபது வருஷமாகப் புருஷனுக்குக் கேட்டுக்குச் சோறு எடுத்துப் போகிறவள், ஒரு நாள் சோற்றுத் தூக்குச் சட்டியைத் தண்டவாளத்து ஓரம் வைத்துவிட்டு, சிக்னலுக்காக நின்ற ரயிலில் ஏறிப் போய்விடுகிறாள். அந்தக் கதையை மூன்று நாள் ரயிலில் அவளுக்குச் சொல்லியிருந்தேன். “நீயே ஒரு தடவை படி” என்று புதுப் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்தேன். பத்து நாளில் திருப்பித் தந்தாள். முப்பத்தோராவது பதிவு. கருத்துக் கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.

“அந்தச் சோத்த அவன் சாப்ட்டானா இல்லியான்னு எழுதாம உட்டுட்டாங்களேக்கா. எனக்கு அதான் தெரியணும்” என்றாள்.

நல்ல கேள்வி என்று நானும் சொன்னேன். எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள், மேல் வரியில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, புத்தகத்துக்கு அட்டை போடலாம் என்று எடுத்தேன். நடுவில் எட்டுத் தாள் மேல்பக்கம் வெட்டுப்படாமல் மடிப்போடு ஒட்டியிருந்தது. அச்சகத்தில் தவறவிட்டது. அதைக் கிழிக்காமல் யாரும் அந்தப் பக்கங்களைப் படித்திருக்க முடியாது. எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. கோப்பில் ஒரு போலிச் சான்றிதழைப் பிடிக்கும்போது வருகிற அதே சந்தோஷம். மூன்று நாள் நானே கதை சொன்னேனே என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் தள்ளிவிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒட்டிய தாளைப் போட்டோ எடுத்தேன். மேஜையில் உட்கார்ந்து, விளையாட்டுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முறைப்படி எழுதினேன். ‘குறிப்பாணை. பொருள்: வாசிப்புப் பதிவேடு – பொய்யான பதிவுகள் – விளக்கம் கோருதல். பதிவு எண் முப்பத்தொன்றில் கண்டுள்ள புத்தகத்தைத் தாங்கள் படிக்கவே இல்லை என்பது இணைப்பில் உள்ள புகைப்படத்தின் மூலம் ஐயமற நிரூபணமாகிறது. ஏனைய முப்பது பதிவுகளும் இதே தன்மையன என்று ஏன் கருதக்கூடாது என்பதற்கு இக்குறிப்பாணை கிடைக்கப்பெற்ற ஏழு தினங்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் அளிக்குமாறு…’ குழுவில் போட்டேன். டீச்சர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகளைப் போட்டார்கள். சூப்பரின்டெண்ட் அம்மா ரோஜாப்பூவை விட்டுவிட்டு முதல் தடவையாக ஒரு வாக்கியம் எழுதினார்: ‘ஒண்ணுகூடப் படிக்கலையா?’

திங்கட்கிழமை அவள் ரயிலில் என் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அந்த மெசேஜ எடுத்துடுங்க. எம்பொண்ணு படிச்சிக் காட்டுனா. எல்லாருக்கும் போயிருக்குமா?”

மகள் படித்துக் காட்டினாள் என்கிறாளே, ஏன் இவளே படிக்கவில்லை என்று ஒரு கணம் நான் நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை. “விளக்கம் குடு, எடுத்துடறேன்” என்றேன். டீச்சர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

“விளையாட்டு இல்லக்கா. சூப்பரின்டெண்ட் மேடம் அதுல இருக்காங்க.”

“இருந்தா என்ன, புத்தகம் படிக்கலன்னா வேலைய விட்டா தூக்கப்போறாங்க?”

இதைச் சொன்னது நான்தான். என் வாயால், அதே வார்த்தைகளில். அன்றைக்கு அழித்திருந்தால் எல்லோருடைய போனிலிருந்தும் அது போயிருக்கும். அழிக்கவில்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் சூப்பரின்டெண்ட் அம்மா ஒரு கையெழுத்து டிராப்டை எடுத்துக்கொண்டு அவள் இடத்துக்கு வந்தார். நான் நாலு மேஜை தள்ளி. புத்தகமும் படிக்கவில்லை, டிராப்டையும் பிறரைத்தான் வாசிக்கச் சொல்கிறாள் என்று அவர் முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். பக்கத்தில் வாசிக்கிறதுக்கு அன்றைக்கு யாரையும் விடவில்லை. “எங்க, இத நீயே வாசி பார்க்கலாம்” என்றார். ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பினாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். பிறகு தெளிவான குரலில், “மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்களது கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது” என்றாள். எங்கள் ஆபீசில் கடிதம் எல்லாம் அப்படித்தான் தொடங்கும், அதுவும் அப்படித்தான் தொடங்கியிருந்தது. சரியாகச் சொன்னாள். “ம், அடுத்த வரி” என்றார் அவர். அடுத்த வரி வரவில்லை. அவள் தாளைப் பார்க்கவில்லை, நான் இருந்த திசையைப் பார்த்தாள். அவளுக்கு நான் எந்த அளவு தெரிந்தேனோ. நான் கோப்பைப் பிரித்துக் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஏஜென்சியிலிருந்து போன் வந்தது, இனி வர வேண்டாம் என்று. திங்கட்கிழமை அந்த இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சூப்பரின்டெண்ட் அம்மா என் சீட்டுக்கு வந்து, “நல்லவேளை, நீதான் கண்டுபிடிச்சே. நாளைக்கு ஒரு கடிதத்துல தப்பு வந்தா யார் தலைல விடியும்?” என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எதிலும் தப்பு வந்ததில்லை. இரண்டு வருஷத்தில் அவள் அடித்த ஒரு கடிதமும் திரும்பி வந்ததில்லை. அதை நான் சொல்லியிருக்கலாம். “ஆமாங்க மேடம்” என்றேன்.

மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொன்னேன். வாசிப்பு, பதிவேடு, ஒட்டிய பக்கம், மெமோ என்று வரிசையாகச் சொன்னேன், கோப்புக் குறிப்பு மாதிரி. பத்துக் கட்டளையில் எதில் இதை வைப்பது என்று அவருக்கும் குழப்பம் போல. பொய்ச் சாட்சி என்று வைக்கலாம் என்றால், நான் சொன்னது உண்மை. பரிகாரமாக மூன்று முறை ‘அருள் நிறை மரியே’ செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதுவும் சட்டென்று முடிந்துவிட்டது.

அந்த வருஷத்தை நான் ஐம்பதோடு முடித்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். நவம்பர், டிசம்பரில் ஒல்லிப் புத்தகமாகப் பொறுக்கி எடுத்தேன், ஒரே உட்காரலில் முடிகிறவை. ஐம்பதாவது பதிவை எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்றைக்குக் குழுவில் கைதட்டல் பொம்மைகள் வந்தன. வருஷக் கடைசி நாள் மத்தியானம் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். அவளுக்குச் சொன்ன புத்தகம் ஒவ்வொன்றும் முழுசாக ஞாபகம் இருந்தது. யார் எங்கே என்ன சட்டை போட்டுக்கொண்டு நின்றான் என்பதுவரை, ஏனென்றால் அவள் கேட்டிருந்தாள். அவள் போன பிறகு படித்த பதினெட்டில் ஒன்றிலும் ஒரு ஆள் பெயர்கூட மனசில் இல்லை.

அன்றைக்குத்தான் அந்த ஒட்டிய தாள்களை ஸ்கேல் வைத்துப் பிரித்தேன். உள்ளே இருந்தது. கேட்கீப்பர் இருட்டும் வரை தூக்கைத் தொடாமல் இருக்கிறான். பிறகு எடுத்துச் சாப்பிடுகிறான், ஒரு பருக்கை விடாமல். தூக்கைக் கழுவி ஆணியில் மாட்டுகிறான். ஒன்றரைப் பக்கம் அது. லைப்ரரிப் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் ஒட்டியிருக்கவில்லை. எண்ணிக்கைக்காக ஓடிய ஓட்டத்தில் நான் அதைத் தாவிப் போயிருக்கிறேன். எழுதாமல் விட்டுவிட்டார்களே என்று அவள் சொன்னபோது, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிப் பதிவேட்டில் ஏற்றியவள் நான். படிக்காத புத்தகத்துக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று மெமோ எழுதுவதாக இருந்தால் அதை எனக்குத்தான் எழுத வேண்டும்.

ஜனவரியில் கிளியனூருக்குப் போனேன். பாண்டி பஸ்ஸில் ஏறி இறங்கி, வீட்டை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொன்று இருக்கும். அவள் வாசலில் பாயை விரித்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் ஒரு அழுத்து, தோல் இந்தப் பக்கம், பருப்பு அந்தப் பக்கம். சொத்தைப் பருப்பைத் தொட்டுப் பார்த்தே தள்ளிவிடுகிறாள். என் குரலைக் கேட்டதும் விரல் நின்றது.

“வாங்கக்கா. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். மகள் படிப்பைப் பற்றிக் கேட்டேன். நின்றுவிடவில்லை, இந்த வருஷ விளைச்சலில் எப்படியோ ஓடுகிறது என்றாள். கண்ணைப் பற்றிக் கேட்டேன். “அது அப்படியேதான் கீது” என்றாள். மன்னிப்புக் கேட்பதற்காகத் தினமும் ரயிலில் யோசித்து, அன்றைக்குப் பஸ்ஸிலும் யோசித்துக் கொண்டுபோயிருந்த வார்த்தைகள் எல்லாம் ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தன. அதனால், “அவன் சாப்ட்டான்” என்றேன்.

யார் என்று அவள் கேட்கவில்லை. “எல்லாத்தியுமா?”

“ஒரு பருக்கை விடாம. தூக்கைக் கழுவி ஆணில மாட்டினான்.”

“ம்” என்றாள். கொஞ்ச நேரம் உடைத்துக்கொண்டே இருந்தாள். “அப்ப அவளுக்கு அது தெரியவே தெரியாதில்ல” என்றாள், எனக்கு இல்லை, பருப்புக்குச் சொல்கிற மாதிரி.

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். ஒரு புத்தகம் எடுத்துக்கினு வந்து உனக்கு முழுசா வாசிச்சிக் காட்டறேன். ஒரு வரி தாண்டாம” என்றேன்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பாயைத் தடவி ஒரு கைப்பிடிப் பருப்பை அள்ளி என் பக்கம் நீட்டினாள்.

“அதையும் நோட்டுல எழுதுவீங்களாக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொன்ன அந்த நொடியிலேயே, வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு பதிவு என்று மனசு கூட்டி முடித்திருந்தது. அவள் தந்த பருப்பை வாங்கித் திறந்த வாயில் போட்டு மென்றேன். அவள் கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டு, அடுத்த காயை எடுத்து உடைத்தாள்.